திரவ வித்தில் காளான்: ஒரு புட்டியைச் சோதித்த பிறகே மற்றவை



சென்ற ஆண்டு சிப்பிக் காளான் வளர்க்க எட்டுக் குடும்பங்களுக்கு நமது அறக்கட்டளை திரவ வித்து கொடுத்தது. பார்வைக்கு நன்றாக இருந்ததால் சோதிக்காமலே கொடுத்துவிட்டோம். ஒரு வாரத்தில் எட்டு வீட்டிலும் சோளப் புட்டிகள் பிசுபிசுத்துப் புளித்து நாறின. செலவான பணத்தை ஈடு செய்தோம். ஆனால் கணவரை இழந்த ஒரு சகோதரி இரவெல்லாம் கண் விழித்து உழைத்த உழைப்பை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. அந்தத் தவறில் கற்றதையே இங்கே பாடமாகத் தருகிறோம்.

திரவ வித்து என்றால் என்ன?

காளானின் வேர் போன்ற வெள்ளை இழைகளைத் தேன் கலந்த நீரில் வளர்ப்பதே திரவ வித்து. வழக்கமாகத் தாய் வித்துப் புட்டியிலிருந்து சோள மணிகளை எடுத்து அடுத்த புட்டியில் போடுவார்கள். இதில் சிரிஞ்சால் 3 மில்லி செலுத்தினால் போதும். 300 மில்லி இருந்தால் ஏறக்குறைய நூறு புட்டிகளுக்கு வரும். இதன் லாபமும் ஆபத்தும் இதுதான். அந்த ஒரு புட்டி கெட்டிருந்தால் நூறும் கெட்டுவிடும்.

தயாரிக்கும் முறை

சூடு தாங்கும் அரை லிட்டர் கண்ணாடிப் புட்டியில் 300 மில்லி தண்ணீரும் இரண்டு தேக்கரண்டி தேனும் கலந்து, ஒரு கோலிக்குண்டைப் போடுங்கள். மூடியில் இரண்டு துளைகள் வேண்டும். ஒன்றைச் சூடு தாங்கும் சிலிக்கான் பசையால் அடையுங்கள்; ஊசி அதன் வழியே போகும். மற்றதில் காற்று போய்வரப் பஞ்சை இறுக்கி அடையுங்கள். மூடியின் மேல் அலுமினியத் தாளைச் சுற்றி, பிரஷர் குக்கரில் விசில் வந்த பிறகு சிறு தீயில் 20 நிமிடம் வையுங்கள். இரவு முழுவதும் குக்கரைத் திறக்காமல் ஆறவிடுங்கள்.

மறுநாள் மின்விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி, கையையும் மூடியையும் ஸ்பிரிட்டால் துடையுங்கள். ஸ்பிரிட் முழுவதும் உலர்ந்த பிறகே தீ மூட்டுங்கள். இல்லையேல் கையில் நெருப்புப் பிடிக்கும். ஊசியைச் சிவக்கக் காட்டி ஆறவிட்டு, நம்பகமான இடத்தில் வாங்கிய வித்தில் 2 மில்லி செலுத்துங்கள். தோட்டத்தில் தானாக முளைத்த காளானை ஒருபோதும் வித்தாக்காதீர்கள். அதில் விஷக் காளானும் இருக்கலாம்.

நாள்தோறும் புட்டியை ஒருமுறை சுழற்றுங்கள். கோலிக்குண்டு இழைகளை உடைத்துப் பரப்பும். ஒன்று முதல் இரண்டு வாரத்தில் வித்து தயாராகிவிடும்.

நல்லதா, கெட்டதா?

நீர் தெளிவாக இருந்து, வெண்பஞ்சு போல இழைகள் மிதந்தால் நல்ல அறிகுறி. அரிசி கழுவிய தண்ணீர் போலக் கலங்கினால் பாக்டீரியா. பச்சை தெரிந்தால் பூசணம். எடுத்த துளியில் கள் வாடை அடித்தால் ஈஸ்ட். மூன்றையும் கொட்டிவிடுங்கள்.

ஆனால் தெளிவாக இருப்பது மட்டும் போதாது. நாங்கள் ஏமாந்தது இங்கேதான். ஒரே ஒரு சோளப் புட்டியில் செலுத்திப் பத்து நாள் பாருங்கள். சோளத்தை அரை வேக்காடாக வேகவைத்து, துணியில் பரப்பி ஈரம் உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, குக்கரில் ஒன்றரை மணி நேரம் வைக்க வேண்டும். குக்கரில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிய பிறகு வித்தைச் செலுத்துங்கள். சோளம் முழுதும் வெண்மையாகி, ஈரப் பிசுக்கு இல்லாவிட்டால் மட்டும் மற்றப் புட்டிகளைத் தொடுங்கள்.

படுக்கை

5 செ.மீ. நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலை நான்கு மணி நேரம் ஊறவைத்து, ஒரு மணி நேரம் வெந்நீரில் போட்டு எடுங்கள். பிழிந்தால் நீர் சொட்டாத அளவுக்கு உலர்த்துங்கள். துளையிட்ட பாலித்தீன் பையில் வைக்கோலும் வித்தும் மாறி மாறி அடுக்கி, இருட்டறையில் 15 முதல் 20 நாள் தொங்கவிடுங்கள். வெள்ளை படர்ந்ததும் பையைக் கிழித்து, தினமும் நீர் தெளித்து அறையை ஈரமாக வைத்தால் சில நாளில் மொட்டு வரும்.

காளானின் ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன்பே பறியுங்கள். தாமதித்தால் வித்துத் தூள் பறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது கெடுதல். படுக்கையறையில் வளர்க்கவே வேண்டாம்.

இம்முறை அறக்கட்டளை தன் அறையில் சோதித்துத் தேறிய வித்தையே கொடுக்கும். ஒரு குடும்பத்துக்கு முதலில் இரண்டு படுக்கைகள் மட்டும். வட்டிக்குக் கடன் வாங்கி யாரும் இதில் இறங்க வேண்டாம். கூடுதல் பயிற்சி வேண்டுவோர் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். அந்தச் சகோதரி இம்முறையும் பெயர் கொடுத்திருக்கிறார். முதல் புட்டி அவருக்குத்தான், இன்ஷா அல்லாஹ்.