மசில் பிரேக்கை மாற்றலாமா?



மதுரையில் ஏர் பிஸ்டல் பயிற்சிக்குப் போகும் தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணே, கம்பெனிக்காரன் போட்ட மசில் பிரேக்கைக் கழட்டிட்டு, நம்ம லேத்துல பெரிசா ஒண்ணு கடைஞ்சு மாட்டினா என்ன? உதை குறையுமில்ல?" நல்ல கேள்வி. கணக்குப் போட்டே பதில் காண்போம்.

மசில் பிரேக் என்பது பேரலின் முனையில், பக்கவாட்டிலோ மேற்புறத்திலோ துளைகள் கொண்ட ஒரு குழல். குண்டின் பின்னால் பாய்ந்து வரும் வாயுவை அது திசை திருப்புகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: பிரேக்கால் வாயுவைத்தான் திருப்ப முடியும், குண்டை அல்ல.

ஏர் பிஸ்டலின் பெல்லட் சுமார் 0.5 கிராம். வேகம் நொடிக்கு 150 மீட்டர் என்று வைப்போம். உந்தம் = 0.0005 × 150 = 0.075. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி, 1 கிலோ பிஸ்டல் பின்னால் நகரும் வேகம் நொடிக்கு 7.5 செ.மீ. காற்றின் பங்கைச் சேர்த்தால் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பெரிய பிரேக் போட்டு எதைக் குறைக்கப் போகிறோம்?

அப்படியானால் கம்பெனி ஏன் அதை வைக்கிறது? பெல்லட்டைத் துரத்தி வரும் காற்று அதை அலைக்கழிக்காதபடி விலக்கிவிடவும், முனை மேலே எழும்பாதபடி பிடிக்கவும்தான். துளை பேரலோடு ஒரே அச்சில் இருந்தால்தான் இந்த வேலை நடக்கும். கொஞ்சம் சாய்ந்து கடைந்துவிட்டால், காற்று பெல்லட்டை ஒரு பக்கமாகத் தள்ளும்; இன்னும் சாய்ந்தால் பெல்லட்டே உரசும். இது கற்பனையல்ல. 2017-ல் பொக்ரானில் நடந்த சோதனையில், நம் நாட்டு 155 மி.மீ. தனுஷ் பீரங்கியின் குண்டு அதன் மசில் பிரேக்கிலேயே மோதியது.

எடையும் முக்கியம். 10 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. மையத்திலிருந்து ஓரம் 5.75 மி.மீ. சைட்டுகளுக்கு நடுவே 30 செ.மீ. தூரம் இருந்தால், முன் சைட் 0.17 மி.மீ. விலகினாலே பெல்லட்டின் மையம் ஏறக்குறைய அந்த ஓரத்துக்கு வந்துவிடும்! மூக்கில் கூடுதலாக 30 கிராம் தொங்கினால், பழகிய மணிக்கட்டு புதிதாகப் பழக வேண்டும். போட்டி விதிப்படி மொத்த எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. பிஸ்டல் 420 × 200 × 50 மி.மீ. பெட்டிக்குள் அடங்க வேண்டும்.

பழைய பிரேக் அடிபட்டிருந்தால், அதே மாடலுக்குத் தயாரிப்பாளர் தரும் பாகத்தையே போடுங்கள். முதலில் பெல்லட் இல்லை என்று உறுதி செய்து, சிலிண்டரைக் கழற்றுங்கள். மாற்றுவதற்கு முன் பத்து, பின் பத்து என்று ஒரே டப்பா பெல்லட்டால், பிஸ்டலை ஒரே மாதிரித் தாங்கலில் வைத்துச் சுட்டு, துளைக் கூட்டத்தின் அகலத்தை வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள். அகலம் குறைந்தால் சரி. கூடினால் பழையதே மேல்.

இன்னொன்று, கண்டிப்பாகச் சொல்கிறேன். தோட்டா போடும் துப்பாக்கியை நம் ஒர்க்‌ஷாப்பில் தொடவே கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, அதைச் செய்யவும் பழுது பார்க்கவும் மாற்றியமைக்கவும் உரிமம் வேண்டும். "சும்மா ஒரு திரெட்டுதானே" என்று யாராவது கொண்டு வந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள்.

2021 டோக்கியோ ஒலிம்பிக்கில், சுடும் நடுவிலே பிஸ்டல் பழுதாகி மனு பாக்கர் பல நிமிடங்களை இழந்தார். இறுதிச் சுற்றும் கை நழுவியது. அவரே 2024-ல் பாரிஸில் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் வெண்கலம் வென்றார். நம்பகமான கருவியின் அருமை அவருக்குத் தெரியும்.

அந்தத் தம்பிக்கும் இதையே சொன்னேன்: "இருக்கிறது இருக்கட்டும்ப்பா. பிரேக்குக்கு ஆகிற காசுக்கு நாலு டப்பா பெல்லட் வாங்கு." கடைசல் தெரிந்த கைக்கு, எதைக் கடையக் கூடாது என்றும் தெரிந்திருக்க வேண்டும்.