கல்லீரல் கொழுப்புக்கு எண்ணெய் மட்டுமா காரணம்?

எண்ணெய்ப் பலகாரத்தைக் குறைத்தும் ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு அப்படியே இருக்கிறதா? இன்சுலினைக் கவனியுங்கள். உடற்கொழுப்பைச் சேமிப்பிலேயே நிறுத்தி வைப்பது இந்த ஹார்மோன். அதற்கு உடல் செவிசாய்க்காதபோது, கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்கள் வெளியேறிக் கல்லீரலை அடைகின்றன. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளிகளின் கல்லீரல் கொழுப்பில் ஏறத்தாழ 59 விழுக்காடு இவ்வழியே வந்திருந்தது. மாவுச்சத்து, சர்க்கரையிலிருந்து கல்லீரலே தயாரித்தது 26 விழுக்காடு. உணவுக் கொழுப்பின் நேரடிப் பங்கு 15தான்!

இதில் ஒரு விந்தை உண்டு. ஈடுகட்டுவதற்காகக் கணையம் கூடுதலாகச் சுரக்கும் இன்சுலின், கல்லீரலை மேலும் கொழுப்பு தயாரிக்கத் தூண்டுகிறது. இனிப்பான தே தாரிக் அதற்கு மூலப்பொருளாகிறது. தினமும் விரைந்து நடந்தால், தசைகள் இன்சுலினுக்கு மீண்டும் இணங்கும். எடையில் 5 விழுக்காடு குறைந்தாலே கல்லீரல் கொழுப்பும் குறையும்.