துன்பத்தில் அறிமுகமாகும் கதாநாயகன்

நம் வகுப்புக் கையெழுத்துப் பத்திரிகையில் எத்தனை அனாதைச் சிறுமிகள் அழுதுகொண்டே அறிமுகமாகிறார்கள்! முதல் வரியிலேயே கண்ணீர் வந்துவிட்டால், படிப்பவர் இரங்குவதற்கு என்ன மிச்சம் இருக்கிறது?

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட நாவலைப் பாருங்கள். சுத்தானந்த பாரதியார் 'ஏழை படும் பாடு' என்று தமிழில் தந்தது அதுதான். 1815 அக்டோபரில் ஒரு மாலை, ழான் வால்ழான் ஓர் ஊருக்குள் நடந்து வருகிறான். பத்தொன்பது ஆண்டுச் சிறைவாசம் முடிந்து நான்கே நாட்கள். ஆனால் ஆசிரியர் அதை உடனே சொல்வதில்லை. பெயரைக் கூடச் சொல்வதில்லை. யாரோ ஒரு வழிப்போக்கன், அவ்வளவே. நாமும் "யார் இவன்?" என்று பின்தொடர்கிறோம்.

அவனுக்கு வேண்டியவை உணவும் படுக்க இடமும். பிச்சை கேட்கவில்லை, "பணம் தருகிறேன்" என்கிறான். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுவே. விடுதிகள் விரட்டுகின்றன. சிறைச்சாலைக் கதவைக் கூடத் தட்டிப் பார்க்கிறான். குடிசை என்று எண்ணி நுழைந்தால் அது நாய்க்கூண்டு! ஒரு கதவு மூடியதும் அடுத்த கதவாவது திறக்காதா என்று நாம் ஏங்குகிறோம்.

சகோதரியின் ஏழு குழந்தைகளின் பசிக்காக ரொட்டி திருடியவன் என்ற விவரம், ஆயர் வீட்டில் அவன் உறங்கிய பிறகே வருகிறது. அவனை உத்தமனாகவும் காட்டவில்லை. அந்த வீட்டு வெள்ளிப் பாத்திரங்களையே திருடுகிறான். பிறகு ஒரு சிறுவனின் நாணயத்தையும் பறித்துக்கொள்கிறான். அதன் பின்புதான், பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அழுகிறான்.