கழுத்து வீங்கினால் நீவாதீர்கள்

ஒரு பக்கக் கழுத்து வலித்து வீங்கினால் நம் வீடுகளில் முதலில் தேடுவது தைலத்தை. சுளுக்கு, நீவிவிட்டால் போகும் என்போம். புணேயில் குடியேறிய தமிழர் வீடுகளிலும் இதே பழக்கம்தான். நீவும் முன் ஒன்று கேளுங்கள்: அண்மையில் கழுத்திலோ கையிலோ குழாய் போட்டார்களா?

அந்த வீக்கம் கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்ததாலும் இருக்கலாம். அப்படி உறைய அந்தக் குழாயே முக்கியக் காரணம். டயாலிசிஸ், கீமோ, ஐசியூ என எதற்குப் போட்டாலும் குழாய் சிரையின் உட்சுவரை உரசும். ரத்த ஓட்டம் தடைப்படும். புற்றுநோயும் கருத்தரிப்புச் சிகிச்சை ஊசிகளும்கூடக் காரணமாகலாம். இளைஞர்களிடம் வேறொரு வழியில் வரும். தொண்டை வலி வந்த சில நாளில் நடுக்கும் காய்ச்சல், கழுத்தின் ஒரு பக்கம் வீக்கம். 1936இல் பிரெஞ்சு மருத்துவர் லெமியேர் விவரித்த கிருமித்தொற்று இது.

சந்தேகம் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். கையில் பணமில்லை என்று தயங்க வேண்டாம். புணே ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அரசின் ஸசூன் மருத்துவமனை இருக்கிறது. மராத்தி வராதவர்கள் இவ்வளவு சொன்னால் போதும்: "மானேலா சூஜ் ஆலீ ஆஹே" (கழுத்து வீங்கியிருக்கிறது), "மானேத் நளீ டாக்லீ ஹோதீ" (கழுத்தில் குழாய் போட்டிருந்தார்கள்). மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ, இருமலில் ரத்தம் வந்தாலோ உறைகட்டி நுரையீரலுக்குப் போயிருக்கலாம். உடனே 108ஐ அழையுங்கள்.

முதல் சோதனை டாப்ளர் ஸ்கேன். நல்ல சிரை அழுத்தினால் அமுங்கும். உறைகட்டி இருந்தால் அமுங்காது. காறை எலும்புக்குப் பின்னால் டாப்ளருக்குச் சரியாகத் தெரியாது, அங்கே சிடி ஸ்கேன் தேவைப்படும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் சிடிக்காகச் சாயமருந்து செலுத்தும் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை பெரும்பாலும் ஹெப்பாரின் ஊசி, பிறகு ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. பொதுவாக 3 மாதமாவது தேவை. குழாயை உடனே பிடுங்க வேண்டும் என்றில்லை. அது தேவைப்பட்டு, நன்றாக வேலை செய்து, தொற்றும் இல்லையென்றால் மருத்துவர் விட்டுவைப்பார். லெமியேர் நோய்க்கு ஆன்டிபயாடிக்தான் முதன்மை.

அந்த மாத்திரையாக வார்ஃபரின் தந்தால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் அளவு பெரும்பாலும் 2 முதல் 3க்குள் இருக்க வேண்டும். கீரையை நிறுத்தத் தேவையில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடுங்கள். கர்ப்பம் என்று சந்தேகம் இருந்தாலும் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். வலி மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், ரத்தக்கசிவு வரலாம். மலம் கறுத்தாலும் தலையில் அடிபட்டாலும் மருத்துவமனைக்கு விரையுங்கள்.

வீக்கம் வடிந்ததும் பலர் மாத்திரையை நிறுத்துகிறார்கள். எனக்குப் பெரிய கவலை இதுதான். தீபாவளிக்கு ஊருக்குப் புறப்பட்டாலும் மாத்திரையும் ஐஎன்ஆர் சீட்டும் கைப்பையில் இருக்கட்டும்.