கட்டளை வரியில் கோப்புகளைக் கையாளுதல்

பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022-ஆம் ஆண்டில் 'பரம் பிரவேகா' என்னும் மீத்திறன் கணினி நிறுவப்பெற்றது. அதன் உச்ச ஆற்றல் 3.3 பெட்டாஃபிளாப் ஆகும். இத்தகைய லினக்ஸ் கணினிகளை ஆராய்ச்சியாளர் தொலைவிலிருந்தே கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்குகின்றனர்.

முதற்கண் அறிய வேண்டுவது, தாம் எந்த அடைவில் இருக்கிறோம் என்பதே. 'பி.டபிள்யூ.டி.' என்னும் மூன்று எழுத்துகளைச் (பொதுப்பணித் துறைக்கும் இதற்கும் தொடர்பில்லை) சிறிய ஆங்கில எழுத்தில், புள்ளியின்றித் தட்டினால் அடைவின் முழுப்பாதை தோன்றும். 'எல்.எஸ்.' அதிலுள்ள கோப்புகளைப் பட்டியலிடும், 'சி.டி.' வேறோர் அடைவுக்குக் கொண்டு செல்லும். இவை விரைவில் கைவரும்.

அச்சத்துடன் கையாள வேண்டியது 'ஆர்.எம்.' ஆகும். இதனால் அழிந்த கோப்பு குப்பைக்கூடைக்குச் செல்வதில்லை; அது இருந்த இடம் வேறு தரவுகளுக்கு விடப்படுகிறது. 'மழை' எனத் தொடங்கும் பழைய கோப்புகளை மட்டும் நீக்க 'மழை*' என எழுத வேண்டும். பெயருக்கும் உடுக்குறிக்கும் இடையே ஓர் இடைவெளி விழுந்துவிடின், மறைகோப்புகள் நீங்கலாக அவ்வடைவிலுள்ள எல்லாக் கோப்புகளும் அழியும். பல்லாண்டு மழைப்பதிவுகள் ஒரு நொடியில் மறையும். ஆதலின் முதலில் 'எல்.எஸ். மழை*' எனத் தட்டிப் பட்டியலைப் படித்தல் வேண்டும். பின்னர் மேல்நோக்கு அம்புவிசையால் அதே வரியை மீட்டு, முதற்சொல்லை மட்டும் மாற்றுதல் நன்று. முழுவரியையும் மீளத் தட்டினால் அந்த இடைவெளி மறுபடியும் நுழையக்கூடும்.