கடனுக்காக வீட்டை விற்றவருக்கு மறுபடியும் வீட்டுக் கடன்

கேள்வி: மஹாராஷ்டிரத்தில் புனே பக்கமுள்ள ரஞ்சன்காவ் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறேன். 2009இல் சேலத்தில் வாங்கிய வீட்டை, தம்பியின் வியாபாரத்துக்காகப் பிற்பாடு வங்கியில் அடமானம் வைத்தேன். வியாபாரம் நொடித்தது. 2025 மே மாதம் வீட்டை விற்று, அடமானக் கடனை முழுவதும் கட்டினேன். இன்னொரு வங்கியின் தனிநபர் கடனைப் பேசி முடித்தேன். இங்கே ஃபிளாட் வாங்கக் கடன் கிடைக்குமா?
— வாசகர், ரஞ்சன்காவ்

பதில்: வீட்டை விற்றுக் கடன் தீர்த்தவருக்குப் புதுக் கடன் கூடாதென்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆனால், 2005ஆம் வருஷத்துக் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டத்தின்கீழ் இயங்கும் சிபில் முதலான நான்கு ஸ்தாபனங்களின் பதிவேடுகளில் தங்கள் பழைய கடன்கள் எவ்விதம் முடிந்தனவென்று எழுதியிருக்கிறதோ, அதைத்தான் வங்கி முதலில் பார்க்கும். முழுவதும் கட்டிய அடமானக் கடனால் தோஷமில்லை. தனிநபர் கடனில் ஒரு பகுதியை வங்கி தள்ளிக் கொடுத்திருக்குமானால், அது 'செட்டில்டு' என்று பதிவாகி, வேறு வங்கிகளையும் தயங்க வைக்கும். அந்த வங்கியோ, ரிசர்வ் வங்கியின் 2023 ஜூன் மாத விதிப்படி, குறைந்தபட்சம் 12 மாதம் தங்களுக்குப் புதுக் கடன் தரலாகாது. சக்தியிருந்தால் தள்ளுபடியான பாக்கியையும் கட்டி, பாக்கியில்லை என்ற அத்தாட்சி பெற்று, பதிவை மாற்றச் செய்வதே உத்தமம். வருஷத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஸ்தாபனமும் இலவசமாகக் கடன் அறிக்கை தர வேண்டும். அதிலுள்ள பிழையைப் புகார் செய்தும் 30 நாளில் தீர்க்காவிடில், நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடு உண்டு.

தாங்கள் கேளாத விஷயமொன்று இதனினும் முக்கியமானது. விற்ற பணமெல்லாம் கடனுக்கே போய்விட்டதால் வரி இராதென்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சொத்தின் சொந்தக்காரரே ஏற்படுத்திய அடமானத்தைத் தீர்க்கக் கொடுத்த தொகையை மூலதன லாபத்திலிருந்து கழிக்க இயலாதென்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஜெகதீஷ்சந்திரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1997இலேயே தீர்ப்பளித்துவிட்டது. கையில் காசு மிஞ்சாதவனிடம் லாபத்துக்கு வரி கேட்பது கொடுமையாகத் தோன்றலாம்; சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

ஆயினும் 1961ஆம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 54ஆம் பிரிவு தங்களுக்கு ஒரு வழி வைத்திருக்கிறது. கிரயத் தேதியிலிருந்து 2 வருஷத்துக்குள், அதாவது 2027 மே மாதத்துக்குள், வேறு குடியிருப்பு வாங்கினால், அதன் விலை அளவுக்கு லாபம் வரியிலிருந்து விலகும். விற்ற அதே பணத்தைத்தான் போட வேண்டுமென்பதில்லை, கடன் வாங்கியும் வாங்கலாம் என்று பல தீர்ப்புகள் உள. ஆகையால் தாங்கள் தேடும் வீட்டுக் கடனே தங்கள் வரியையும் தீர்க்கக்கூடும். ஆனால் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கெடுவுக்குள் வீடு வாங்கி முடியாவிட்டால், செலவாகாத லாபத் தொகையை வங்கியில் மூலதன லாபக் கணக்கில் கட்டிவைக்க வேண்டும் என்ற நிபந்தனை, பணம் முழுவதையும் கடன்காரருக்குக் கொடுத்துவிட்ட தங்களைப் போன்றவர்களுக்குத்தான் சங்கடமானது. உடனே ஓர் ஆடிட்டரைப் பாருங்கள்.

இனி தாங்கள் கேட்ட கடனுக்கு வருவோம். 30 லட்சம் ரூபாய் வரையுள்ள கடனுக்கு வீட்டின் மதிப்பில் 90 சதவீதம் வரையிலும், அதற்குமேல் 75 லட்சம் வரை 80 சதவீதமும் வங்கிகள் கொடுக்கலாம். முத்திரைக் கட்டணமும் பதிவுச் செலவும் பெரும்பாலும் தங்கள் பொறுப்பு. முடிவடையாத கட்டடமானால் மஹாரேரா என்னும் மஹாராஷ்டிர ரியல் எஸ்டேட் ஆணையத்தின் பதிவைப் பார்த்துக்கொள்ளவும். அப்பக்கத்தில் தரகர்கள் ஒரு குண்டா, இரண்டு குண்டா என்ற சிறு அளவுகளில் விவசாய நிலத்தைத் துண்டு போட்டு மலிவாகக் காட்டுவார்கள். விவசாயத்திலிருந்து மாற்றிய உத்தரவு இல்லாத அத்தகைய மனைக்கு வங்கி பணம் தராது. வெறும் மனையை வாங்கி வைத்திருப்பதால் 54ஆம் பிரிவின் சலுகையும் கிட்டாது.