பெட்டைக் குட்டியும் நமது பொறுப்பும்

நாம்பனையும் கிடாயையும் நலமடிக்க நாம் தயங்குவதில்லை. நாய், பூனை என்றால் மட்டும் "பாவம்" என்கின்றோம். ஆனால் பெட்டைக் குட்டிகளை உரப்பையில் கட்டிச் சந்தையடியில் விடுவது நமக்குப் பாவமாகத் தெரிவதில்லை.

பெட்டை நாயின் கர்ப்பகாலம் ஏறக்குறைய 63 நாட்கள். ஆண்டுக்கு இருமுறையும் அது ஈனக்கூடும். தடுப்பூசி போடாத நாய்கள் பெருகினால் விசர்நாய்க்கடி அபாயமும் பெருகும். நோய் வெளிப்பட்டபின் மனிதர் பிழைப்பது மிக அரிது.

கொல்வது தீர்வாகாது. உணவும் இடமும் இருக்கும்வரை வேறு நாய்கள் வந்துசேரும். சென்னையில் புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே கருத்தடை வழியைத் தொடங்கியது. இலங்கை அரசும் 2006இல் தெருநாய்களைக் கொல்வதை நிறுத்தியது.

பெட்டையின் சூலகங்களையும் கருப்பையையும், கடுவனின் விதைகளையும் மயக்கமருந்து கொடுத்து அகற்றுவதே இச்சத்திரசிகிச்சை. ஆறு மாதமளவில் செய்விக்கலாம். ஒருமுறை ஈன்றிருக்க வேண்டுமென்பதில்லை. காயம் ஆறும்வரை நனையாமலும் நக்காமலும் பார்க்கவேண்டும். விசர்நாய்த் தடுப்பூசி ஆண்டுதோறும் அவசியம்.

இறைவன் நம்மிடம் ஒப்படைத்த உயிரைப் பேணுவது சோறு வைப்பதோடு முடிவதில்லை.

குழுவில் கலந்துரையாட: நமது கிராமத்தில் எத்தனை பெட்டை நாய்கள் உள்ளன? கால்நடை வைத்தியரை அழைத்து ஒரேநாளில் முகாம் நடத்த யார் பொறுப்பேற்பார்?